சேலையைக் காத்த வண்டி

போன ஆயுத பூஜையன்று என் பேத்தி தன் புது ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தாள். மின்சார வண்டி. 'சேத்தக்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அதே பெயர்தான். எட்டு வருடம் காத்திருந்து நான் வாங்கிய வண்டியின் பெயர்.

"உங்க பழைய சேத்தக் மாதிரி இதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம் தாத்தா. ஆயில் கிடையாது, பிளக் கிடையாது. ராத்திரி சார்ஜ் போட்டா போதும்" என்றாள்.

உள்ளே பொரி, கடலை எடுத்துவைத்துக்கொண்டிருந்த என் மனைவி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "உங்க தாத்தாவும் ஒரு காலத்துல 'போதும் போதும்'னுதான் இருந்தார். என் நெத்தியைப் பாரு."

அந்த நெற்றியின் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும். அது நான் படித்த புதுச்சேரியில் தொடங்குகிறது.

புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1 அன்று ஒப்படைத்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் பள்ளிக்கூடம் பிரெஞ்சிலேயே நடந்தது. நான் பிரெஞ்சில் கணக்குப் போட்டு வளர்ந்து, பிறகு முப்பத்தைந்து வருடம் தமிழில் கோப்பு எழுதியவன். என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று இந்தப் பக்கத்தில் நான் அடிக்கடி கேட்பதன் காரணம் அதுதான்.

எங்களுக்குக் கணக்கு எடுத்த பிரெஞ்சுச் சுவாமியார் ஒருவர் சோலெக்ஸ் வண்டியில் வருவார். சைக்கிள் மாதிரியே இருக்கும். முன் சக்கரத்தின் மேல் சின்ன இஞ்சின். அதன் அடியில் ஓர் உருளை டயரைத் தொட்டுக்கொண்டு சுழலும். அந்த உராய்வில் வண்டி ஓடும். சுவாமியாரின் வெள்ளை அங்கி கணுக்கால் வரை தொங்கும். ஏறுவதற்கு முன் அங்கியின் ஓரத்தைத் தூக்கி, இடுப்புக் கச்சையில் செருகி, ஒரு கிளிப்பும் போட்டுக்கொள்வார். பெடல் சங்கிலியில் துணி மாட்டிவிடக் கூடாது. பையன்கள் சைக்கிளில் குறுக்கே வந்தால் "அத்தான்சியோன்!" என்று கத்துவார். கவனம் என்று அர்த்தம். எங்களுக்கு 'அத்தான்' மட்டுமே காதில் விழும், வயிறு வலிக்கச் சிரிப்போம்.

சோலெக்ஸ் போலவே மோபிலெட் என்ற பிரெஞ்சு வண்டியையும் அங்கே பார்த்திருக்கிறேன். அதைச் செய்த மோட்டோபெக்கான் நிறுவனத்தின் கூட்டுடன்தான் திருப்பதியில் 'சுவேகா' மொபெட் தயாரானது. உங்களில் பலர் அதை ஓட்டியிருப்பீர்கள். மேட்டில் ஏறும்போது நாமும் பெடல் மிதித்து உதவ வேண்டிய வண்டி. அதிலும் சங்கிலி வெளியில்தான் இருந்தது. வேட்டி கட்டியவர்கள் பாடு திண்டாட்டம்.

துணிக்கும் சங்கிலிக்கும் உள்ள இந்தப் பகையை ஒருவர் உட்கார்ந்து யோசித்தார். அவர் இத்தாலிக்காரர். பெயர் கொராதீனோ தஸ்கானியோ. ஹெலிகாப்டர் வடிவமைத்த விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் பொந்தேதெரா என்ற ஊரில் இருந்த பியாஜியோ விமானத் தொழிற்சாலை குண்டு விழுந்து தரைமட்டமானது. போர் முடிந்தபின் விமானம் செய்ய வழியில்லை. ஜனங்கள் போய்வர மலிவாக ஒரு வண்டி வேண்டும் என்று முதலாளி என்ரீகோ பியாஜியோ இவரிடம் கேட்டார். தஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. உட்காரச் சுகமில்லை, சங்கிலி எண்ணெய் உடையை அழுக்காக்குகிறது, பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு என்பவை அவருடைய குறைகள்.

ஒவ்வொரு குறைக்கும் ஒரு விடை கண்டுபிடித்தார். சங்கிலியே வேண்டாம் என்று இஞ்சினைப் பின் சக்கரத்தோடு சேர்த்து வைத்தார். இஞ்சினையும் சக்கரத்தையும் தகடு போட்டு மூடினார். காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டாம் என்று நடுவைத் திறந்து, பாதம் வைக்கத் தளம் போட்டார். கால் மேல் சேறு தெறிக்காமல் முன்னால் ஒரு தகடு. கியரை இடது கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். விமானத்தின் சக்கரத்தைத் தாங்குவதுபோல் முன் சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்கவைத்தார். அதனால் நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். 1946 ஏப்ரலில் அதற்குக் காப்புரிமை பதிவானது. பெயர் வெஸ்பா. இத்தாலிய மொழியில் குளவி. மறு வருடம் மிலான் நகரத்து இன்னொசென்டி நிறுவனம் லாம்ப்ரெட்டாவைக் கொண்டுவந்தது.

சுருங்கச் சொன்னால், ஸ்கூட்டர் உடுத்தியிருப்பவர்களுக்காகப் பிறந்த வண்டி. பாவாடை கட்டிய பெண்ணும், அங்கி போட்ட சுவாமியாரும், கோட்டுப் போட்ட குமாஸ்தாவும் அழுக்குப்படாமல் போய்ச்சேர வேண்டும். அந்த ஊரில் யாரும் நம் வேட்டியையும் சேலையையும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அதிகம் பயன்பட்டது அவற்றுக்குத்தான்.

நம் நாட்டுக்கு வெஸ்பா வந்தது 1948இல். பஜாஜ் குழுமம் இறக்குமதி செய்து விற்றது. 1950களில் பம்பாயில் ஏபிஐ நிறுவனம் லாம்ப்ரெட்டாவைக் கொண்டுவந்தது. 1959இல் பஜாஜுக்கு இங்கேயே தயாரிக்க அரசு உரிமம் கிடைத்து, பியாஜியோவின் கூட்டுடன் வெஸ்பா 150 வரத் தொடங்கியது. சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு நிறுவனம்கூட 1960களின் தொடக்கத்தில் 'ஃபாண்டாபுலஸ்' என்று ஒரு ஸ்கூட்டர் செய்தது. பட்டனை அமுக்கினால் கிளம்பும் வண்டி. அது நிலைக்கவில்லை. பியாஜியோவுடனான ஒப்பந்தம் 1971இல் முடிந்தது. 1972இல் பஜாஜ் தன் சொந்தப் பெயரில் சேத்தக்கைக் கொண்டுவந்தது. ராணா பிரதாப்பின் குதிரைப் பெயர். அதே 1972இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனம் தொடங்கி, இன்னொசென்டியின் இயந்திரங்களையே விலைக்கு வாங்கிவந்து விஜய் சூப்பரைச் செய்தார்கள்.

வண்டிகள் வந்தனவே தவிர, கைக்குக் கிடைக்கவில்லை. எவ்வளவு தயாரிக்கலாம் என்பதற்கு உரிமம், யாருக்கு விற்கலாம் என்பதற்குக் கட்டுப்பாட்டு ஆணை, அரசு ஊழியருக்குத் தனி ஒதுக்கீடு என்று எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பு இருந்த காலம். பதிவு செய்துவிட்டுப் பத்து வருடம் காத்திருந்தவர்கள் உண்டு. அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் வரிசையில் நிற்காமல் கிடைக்கும். அதனால் துபாயில் மைத்துனன் இருந்தவர்களுக்குக் கல்யாணச் சந்தையில் மதிப்பு ஏறியது.

அம்மா வழியில் காஞ்சிபுரம் எங்களுக்குச் சொந்த ஊர். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி எழுத்தராகி இங்கேயே வந்துவிட்டேன். 1976இல் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் 250 ரூபாய் கட்டி, பாஸ்புத்தகத்தைப் பிணை வைத்து, சேத்தக்குக்குப் பதிவு செய்தேன். வண்டி வந்தது 1984இல். பதிவு செய்தபோது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. வண்டி வந்தபோது இரண்டு பிள்ளைகள். அலுவலகத்தில் வாகன முன்பணம் வாங்கி, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கடனை அடைத்தேன்.

அப்படி வந்த வண்டியை எப்படி வைத்துக்கொள்வோம்? வீட்டுக்கு வந்த மருமகளைப் போல வைத்துக்கொண்டோம். இது கேலி இல்லை. போனால் இன்னொன்று கிடைக்காது என்ற பயம் எங்களை நல்ல பராமரிப்பாளர்களாக ஆக்கியது.

இளையவர்கள் படித்தால் புரிவதற்காக அந்த நாளைய வேலைகளைச் சொல்கிறேன். சேத்தக் இரண்டு-ஸ்ட்ரோக் இஞ்சின். அதற்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்பு. ஒரு லிட்டருக்கு 20 மில்லி. குறைந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் பிடித்துக்கொண்டு பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். அப்போது கிளட்ச்சை உடனே அழுத்தத் தெரிந்தவன் பிழைத்தான், தெரியாதவன் விழுந்தான். அதனால் இடது கை விரல் இரண்டு எப்போதும் கிளட்ச்சின் மேலேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் மெக்கானிக்கின் முதல் பாடம். ஆயில் கூடினாலும் கெடுதல். பிளக்கில் கரி ஏறும், சைலன்சர் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவேன். காலையில் கிளம்பாவிட்டால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி உதைப்போம். பெட்ரோல் கார்புரேட்டருக்கு இறங்கும் என்று காரணம் சொல்வார்கள். எல்லோரும் செய்தார்கள் என்பதுதான் நான் செய்ததற்குக் காரணம்.

கேபிள்கள் நான்கைந்து. கிளட்ச், கியர், பிரேக், ஆக்ஸிலரேட்டர் எல்லாமே கம்பிதான். கம்பி அறுவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் அறும். முனையில் ஓர் இழை பிரிந்து விரலில் குத்தும். குத்திய அன்றே மாற்றிவிட வேண்டும். அறிந்தவர்கள் ஒரு கிளட்ச் கேபிளைச் சுருட்டி டிக்கியில் போட்டு வைத்திருப்பார்கள்.

பிறகு ஸ்டெப்னி. இந்தச் சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1904 வாக்கில் பிரிட்டனில், வேல்ஸ் நாட்டு லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருவின் பெயர் காஞ்சிபுரம் பஞ்சர் கடை வரை வந்துவிட்டது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டப் பத்து நிமிடம் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தச் சக்கரத்தின் ரிம் இரண்டு பாதிகளைச் சேர்த்து முடுக்கியது. சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் நட்டு வேறு, இரண்டு பாதியையும் பிடித்திருக்கும் நட்டு வேறு. காற்றை இறக்காமல் இரண்டாவது வகை நட்டில் கை வைத்தால் ரிம் முகத்தில் அடிக்கும். பழைய வண்டியைப் புதுப்பிக்கிறேன் என்று இப்போது இளைஞர்கள் இறங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

காற்றைப் பற்றி ஒரு வரி. என் வண்டிக்கு முன் சக்கரம் 18, பின் சக்கரம் தனியாகப் போனால் 25, பின்னால் ஆள் உட்கார்ந்தால் 36. இந்த மூன்று எண்களும் எனக்கு என் பிள்ளைகளின் பிறந்தநாள் போல மனப்பாடம்.

இனிச் சேலைக்கு வருவோம். நம் ஊர் துணியால் பிழைக்கும் ஊர். பிள்ளையார்பாளையத்தில் அதிகாலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அங்கே வண்டி ஓட்டினால் இஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஒரு சேற்றுத் துளி பட்டாலும் ஒரு குடும்பத்தின் பல நாள் வேலை போய்விடும். பட்டு நூலும் சரிகையும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து தறிக்குப் போவதும், நெய்த சேலை சங்கத்துக்குத் திரும்புவதும் ஒரு காலத்தில் சைக்கிளில். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் போகக்கூடிய மொபெட். நெசவாளர் வீட்டு வாசலில் முதலில் நின்ற மோட்டார் வண்டி பெரும்பாலும் அதுதான்.

பெண்கள் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்துதான் போவார்கள். பட்டுச் சேலையின் முந்தானை கனமானது. சரிகை வேறு. காற்றில் நழுவிப் பின் சக்கரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டால் கழுத்து வரை இழுத்துவிடும். மொபெட்டிலும் மோட்டார் சைக்கிளிலும் அப்படி நடந்த துயரங்களை நம் தலைமுறை நன்றாக அறியும். அதனால்தான் 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி வந்தது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், உடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு வேண்டும் என்கிறது அந்த விதி. மோட்டார் சைக்கிளின் இடது பக்கத்தில் கம்பிகளால் ஒரு வேலி இருக்குமே, சேலைக் காப்பு, அதன் வேர் இங்கே இருக்கிறது. சேத்தக்குக்கு அந்த வேலி தேவைப்படவில்லை. தகட்டுக்குள் சக்கரம் பாதிக்கு மேல் ஒளிந்துகொண்டிருக்கும். பட்டு கட்டிய மனைவியை உட்காரவைத்துக் கல்யாணத்துக்குப் போக இதைவிட நல்ல வண்டி கிடையாது என்று எல்லோரையும் போல நானும் நம்பினேன்.

1993 ஆவணி. உத்திரமேரூரில் ஒரு கல்யாணம். என் மனைவி தன் கூரைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கத்தரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சள் கரை, கோர்வை. திரும்பி வரும்போது சாயங்காலத் தூறல். செவிலிமேட்டுப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியாயிற்று. சாலையில் மணல் லாரி சிந்திய மணல் ஈரமாகப் பரவியிருந்தது. ஒரு கன்றுக்குட்டி ஓடிவந்தது. கால் பிரேக்கை மிதித்தேன். பின் சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் விழவில்லை. பின்னால் பார்த்தால் அவள் இல்லை.

வேகம் முப்பதுகூட இருக்காது. நெற்றியில் ஏழு தையல். அதைவிடப் பெரிய விஷயம், இரண்டு மாதம் தலைசுற்றல். அந்தக் கல்யாணத்துக்குப் போனது, பந்தியில் உட்கார்ந்தது, யார் யாரைப் பார்த்தோம் என்பது எதுவும் அவளுக்கு இன்றுவரை நினைவில்லை. ஒரு முழுநாள் அவள் வாழ்க்கையிலிருந்து காணாமல் போய்விட்டது. சேலையில் மண் ஒட்டியிருந்தது. துவைத்துக் காயவைத்தபின், தறிக்காரரான எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு இழை போகல" என்றார்.

தவறு யாருடையது? என்னுடையது. பின் டயர் மொட்டையாகிவிட்டது, மாற்றுங்கள் என்று மெக்கானிக் மூன்று முறை சொல்லிவிட்டார். தீபாவளிக்குப் பண்டிகை முன்பணம் வரட்டும், அதுவரை இது போதும் என்று தள்ளிப்போட்டேன். பிளக்கைத் தேய்த்தேன், பளபளவென்று துடைத்தேன், ஆயில் அளந்து ஊற்றினேன். இஞ்சினுக்குச் செய்ததெல்லாம் வண்டி நீடித்து உழைப்பதற்காக. டயரும் பிரேக்கும்தான் எங்கள் உயிருக்காக. அதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. என்னிடம் ஒரு ஹெல்மெட்டும் இருந்தது. சென்னைக்குப் போனால் போலீஸ் பிடிப்பார் என்று வாங்கியது. அன்று அது வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இருந்திருந்தாலும் என் தலையில்தான் இருந்திருக்கும், அவள் தலையில் இல்லை.

அதன்பிறகுதான் ஹெல்மெட்டின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸ் பாலைவனப் போர்களில் பிழைத்தவர். 1935 மே மாதம் இங்கிலாந்தில் தன் வீட்டுக்கு அருகே மோட்டார் சைக்கிளில் போனபோது, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க வண்டியைத் திருப்பி விழுந்தார். தலையில் அடி. ஆறு நாள் கழித்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர் ஒருவர். அந்தச் சாவு அவரை விடவில்லை. மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை வருடக்கணக்கில் ஆராய்ந்து, தலைக்கவசம் உயிர் காக்கும் என்று 1941இல் கட்டுரை எழுதினார். அதே வருடம் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குக் கட்டாயமாக 1973 வரை ஆயிற்று. என் ஆசிரியர்களின் பிரான்சிலும் அதே 1973இல் தொடங்கித்தான் படிப்படியாக வந்தது.

அதாவது துணியைக் காக்கும் தகடு 1946லேயே வண்டியோடு பிறந்துவிட்டது. தலையைக் காக்கும் ஓடு நம்மிடம் வந்துசேர அதன்பிறகு ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. 1953இல் வந்த 'ரோமன் ஹாலிடே' படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் வெஸ்பாவில் ரோம் நகரையே சுற்றுவார். இருவர் தலையிலும் ஒன்றும் இருக்காது. நாமெல்லாம் ஸ்கூட்டரை அப்படித்தான் கற்பனை செய்துகொண்டோம்.

நம் நாட்டில் 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணியச் சொல்கிறது. 128ஆம் பிரிவு பின்னால் ஒருவர் மட்டும் என்கிறது. முன்னால் பெரியவன், நடுவில் சின்னவள், பின்னால் மனைவி என்று நால்வராகத் தேர் பார்க்கப் போன நானும் சட்டத்தை மீறியவன்தான். தமிழ்நாட்டில் 2007இல் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள், பிறகு தளர்ந்தது. 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி மறுபடி இறுகியது. அன்று காந்தி ரோட்டில் ஹெல்மெட் கடைகளில் பட்டுக்கடைக் கூட்டம்.

கணக்கு எழுதியவன் என்பதால் ஓர் எண்ணிக்கையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிக்காரர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். இந்தக் கடைசி எண்ணைப் படித்தபோது எனக்குச் செவிலிமேட்டுச் சாலைதான் கண்முன் வந்தது.

விழுந்த அந்த வருடமே இரண்டாவது ஹெல்மெட் வாங்கினேன். கொண்டை இடிக்கிறது, பூ நசுங்குகிறது என்று அவளுக்கு முதலில் சங்கடம். எங்கள் தெருப் பிள்ளைகள் "மாமி ராக்கெட் விடப்போறாங்க" என்று சிரித்தார்கள். கொண்டையைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டாள். பூவைக் கைப்பையில் வைத்து, மண்டபத்து வாசலில் இறங்கிச் சூடிக்கொள்வாள். இன்றைக்கும் அப்படித்தான்.

என் சேத்தக்கை 2004இல் கொடுத்துவிட்டேன். அதற்குள் உலகம் மாறிவிட்டது. 1980களின் நடுவில் வந்த கைனடிக் ஹோண்டாவில் கியரும் இல்லை, உதைக்கவும் வேண்டாம். 1990களில் ஸ்கூட்டி வந்து பெண்களைப் பின் இருக்கையிலிருந்து முன் இருக்கைக்குக் கொண்டுவந்தது. 2001இல் ஆக்டிவா. 2009 கடைசியில் பஜாஜ் ஸ்கூட்டரையே விட்டுவிடுவதாக அறிவித்தபோது வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வருத்தப்பட்டேன். 2020இல் அதே பெயர் மின்சாரத்தில் திரும்பி வந்தது.

பேத்தி சொன்னது பாதி உண்மை. ஆயில் கலக்கும் வேலையும் பிளக் தேய்க்கும் வேலையும் போய்விட்டன. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு கட்டாயம் ஆகிவிட்டது. இவையெல்லாம் நல்லவை. ஆனால் தரையைத் தொடுவது அன்றும் இன்றும் உள்ளங்கை அகல ரப்பர் இரண்டுதான். அதனால் அவளை உட்காரவைத்து நான் சொன்னதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்:

வாரம் ஒருமுறை காற்று பார். டயர் சூடேறுவதற்கு முன்னால் பார்த்தால்தான் கணக்குச் சரியாக இருக்கும். பள்ளம் தேய்ந்து வழுவழுப்பானால் அன்றே மாற்று, முன்பணத்துக்குக் காத்திராதே. கிளம்பியதும் பத்தடியில் ஒருமுறை பிரேக்கைப் பிடித்துப் பார். மழையிலும் மணலிலும் திடீரென்று பிடிக்காதே, முன்கூட்டியே வேகத்தைக் குறை. சைடு ஸ்டாண்டை எடுத்தாயா என்று குனிந்து பார். உன் வண்டிக்குச் சத்தம் கிடையாது. முன்னால் போகும் கிழவருக்கும் மாட்டுக்கும் நீ வருவது தெரியாது, ஆகவே அவர்களுக்காக நீதான் கவனிக்க வேண்டும். துப்பட்டாவை இடுப்பில் கட்டு, பாட்டியின் முந்தானையைச் செருகச் சொல். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்கி, தாடைப் பட்டையைப் போடு. பட்டை போடாத ஹெல்மெட் விழும்போது நமக்கு முன்னால் போய்விடும்.

கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

போன வாரம் அவள் பாட்டியை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போகக் கிளம்பினாள். பாட்டிக்கென்று நீல நிறத்தில் லேசான ஹெல்மெட் ஒன்று வாங்கி வந்திருந்தாள். அன்று கட்டியிருந்தது அதே கத்தரிப்பூச் சேலை. முப்பது வருடத்துக்கு முன் மண் ஒட்டிய இடம் எது என்று இப்போது கண்டுபிடிக்க முடியாது. நெற்றித் தழும்பு மட்டும் குங்குமத்துக்கு மேலே வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. ஹெல்மெட் அதை மூடிக்கொண்டது.

திண்ணையில் உட்கார்ந்தபடி, "அத்தான்சியோன்!" என்றேன்.

என் மனைவி என்னைக் கவனிக்கவில்லை. பேத்தியின் தோளைத் தட்டி, "காத்து பார்த்தியா?" என்று கேட்டாள்.

"சார்ஜ் நூறு இருக்கு பாட்டி."

"சார்ஜ் இருக்கட்டும். காத்து?"

இருவரும் முதலில் பெட்ரோல் பங்க்குக்குப் போய்க் காற்று அடித்துக்கொண்டு, பிறகு கோயிலுக்குப் போனார்கள்.